இடப்பக்கமாகக் கலக்கிய தேநீர்

ஜூன் 3, செவ்வாய்

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒருத்தி எழுந்து நின்று கேட்டாள்: "டீச்சர், இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பாடம், இலைகள் சுவாசிப்பது. "புத்தகத்துல இருக்கு" என்றேன். "புத்தகம் எழுதினவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "ஆபீஸ் ரூமுக்குப் போய் ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டேன். அவள் திரும்பி வருவதற்குள் மணி அடித்துவிட்டது. தப்பித்தேன்.

அவள்தான் இப்போது தெருமுனை நூலகத்தின் நூலகர். செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு வயதானவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்துகிறாள்: இணையத்தில் தேடுவது எப்படி, கிடைத்ததில் எதை நம்புவது. இன்று போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். பார்த்ததும் சொன்னாள், "வாங்க டீச்சர். சாக்பீஸ் கொண்டு வந்தீங்களா?" மறக்கவில்லை, பாவி.

நான் அங்கே போனதற்குக் காரணம் ஊசி. ஊசி என் நாத்தனார். அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், சின்ன வயதில் வைத்த பேர். நாற்பது வருடம் தையல்கடை நடத்தியவள் என்பதால் பொருந்தும். நாக்குக்கும் பொருந்தும். அவர் போன பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

பதினொரு வருடமாக அவளுக்குத் தைராய்டு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. பத்து நாளைக்கு முன் அந்த மாத்திரைக் குப்பியைப் பித்தான் டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டாள். பதிலாக ஏதோ வேர்ப்பொடி, ஒரு கரண்டி. ஒரு வெப்சைட்டில் போட்டிருக்கிறதாம்: ஆறே வாரத்தில் தைராய்டுக்கு விடை, மருந்துக் கம்பெனிகள் மறைக்கும் ரகசியம்.

"ரகசியம்னா உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இன்டர்நெட்ல போட்டிருக்கு அண்ணி."

"டாக்டரைக் கேட்டியா?"

"மாத்திரை எழுதறவர்கிட்டப் போய் மாத்திரை வேணாமான்னு கேட்கச் சொல்றீங்களா? தையல்காரிகிட்ட ரெடிமேட் நல்லதான்னு கேட்ட மாதிரி இருக்கு."

மாத்திரை ஆரம்பிப்பதற்கு முந்தின மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பட்டப்பகலில் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி, மெஷின் ஊசி விரலுக்குள் இறங்கி, அவள் சத்தம் கேட்டு நான் ஓடினேன். அவளுக்கு அது நினைவில்லையா? இல்லை, நினைக்கப் பிடிக்கவில்லையா?

ஜூன் 4, புதன்

சமையலறைச் சுவரில் ஒரு சின்னக் கரும்பலகை இருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் கொடுத்தது. காலையில் அதில் "மாத்திரை" என்று எழுதிவைத்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் கீழே அவள் கையெழுத்து: "படித்தேன். கையெழுத்து அழகு."

ஜூன் 10, செவ்வாய்

இரண்டாவது வகுப்பு. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, "உங்களுக்கு என்ன தெரியணுமோ அதைத் தேடுங்க" என்றாள் நூலகர். நான் தட்டினேன்: "ஐயா, தைராய்டு நோய்க்கு வேர்ப்பொடி சாப்பிடுவது பற்றிய தங்கள் மேலான கருத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "டீச்சர், அதுக்குக் கும்பிடு போட வேண்டாம். முக்கியமான சொல்லை மட்டும் போடுங்க" என்றாள்.

ஐயா, தங்கள், மேலான எல்லாவற்றையும் அழித்தேன். "வேர்ப்பொடி தைராய்டு நன்மைகள்" என்று போட்டேன். கொட்டியது. நன்மை நன்மை நன்மை. வேர்ப்பொடி விற்கிறவர்கள் ஒருவர் பாக்கியில்லை. எனக்கே ஒரு டப்பா வாங்கலாம் போல ஆகிவிட்டது.

"நன்மைன்னு கேட்டா நன்மையைத்தான் தரும். கேள்விக்குள்ளேயே பதிலை வெச்சுட்டீங்களே" என்றாள்.

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. வகுப்பில் "புரிஞ்சுதா, சரிதானே?" என்று கேட்டால் நாற்பது பேரும் "சரி டீச்சர்" என்று பாடுவார்கள். ஒருத்தருக்கும் புரிந்திருக்காது. "இதுல உனக்கு எது புரியல?" என்று கேட்டால்தான் வண்டவாளம் தெரியும். முப்பத்தைந்து வருடம் தெரிந்துவைத்திருந்த விஷயம், ஒரு பெட்டியிடம் கேட்கும்போது மறந்துவிட்டது.

பிறகு "வேர்ப்பொடி தைராய்டு ஆய்வு", "வேர்ப்பொடி பக்கவிளைவு" என்று போட்டேன். ஊரே மாறிவிட்டது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பக்கம், ஒரு மருத்துவக் கல்லூரியின் பக்கம். இரண்டும் வேறு வேறு வார்த்தையில் ஒன்றைத்தான் சொல்லின: இந்தப் பொடி மாத்திரைக்குப் பதிலாகும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, மாத்திரையை நீயாக நிறுத்தாதே.

அச்செடுத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். ஊசி அதன் மேல் சூடான பாத்திரத்தை இறக்கிவைத்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

இன்றைய பாடம் எனக்காகவே எடுத்த மாதிரி இருந்தது. ஒரு பக்கத்தைப் பார்த்தால் மூன்று கேள்வி. யார் சொல்கிறார்? சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்? அவரை விட்டு வெளியே வந்து பார்த்தால், மற்றவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

மூன்றாவதுதான் முக்கியமாம். "ஒருத்தர் நல்லவரான்னு அவர் வீட்டு ஹாலிலேயே உட்கார்ந்து அவரையே கேட்டா எப்படித் தெரியும் டீச்சர்? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டணும்."

படத்தைக் கொடுத்தே தேடலாம் என்றும் காட்டினாள். நான் விடுவேனா? வேர்ப்பொடி வெப்சைட்டின் டாக்டரைத் தேடினேன். வெள்ளைக் கோட்டு, நரைத்த மீசை, கனிவான சிரிப்பு. அதே மீசை, அதே சிரிப்பு, ஒரு கண்ணாடிக்கடை விளம்பரத்தில். இன்னொரு இடத்தில் மெத்தைக்கடை விளம்பரத்தில் படுத்துக்கொண்டு சிரிக்கிறார். "நான் குணமானேன்" என்று சொல்லும் அம்மாவும் அப்படித்தான். இங்கே தைராய்டு, அங்கே முடி உதிர்வு, இன்னொரு இடத்தில் வட்டி இல்லாத கடன். பாவம், எத்தனை கஷ்டம் ஒரே பொம்பளைக்கு.

ஜூன் 18, புதன்

ஊசியிடம் எல்லாவற்றையும் காட்டினேன். மெத்தையில் படுத்த டாக்டர் உட்பட.

"டாக்டர்னா தூங்கக் கூடாதா அண்ணி?"

"கண்ணாடி விக்கிறார்டி!"

"கண்ணு தெரியாத டாக்டரைவிட இது மேல்." எழுந்து போனவள் வாசற்படியில் நின்று சொன்னாள்: "நீங்க வாழ்க்கை பூரா அடுத்தவங்க நோட்டுல சிவப்பு மையால கோடு போட்டவங்க. என் உடம்பு நோட்டு இல்ல."

வலித்தது. அவளும் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. அதனால்தான் வலித்தது.

ஜூன் 20, வெள்ளி

நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் ஆறு வருடம் கூடுதலாக வாழ்கிறார்கள் என்று இணையத்தில் படித்தேன். சந்தோஷமாக நூலகருக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில்: "கடைசி வரி வரைக்கும் போங்க டீச்சர்."

போனேன். எழுதியது ஒரு நோட்டுப் புத்தகக் கம்பெனி.

ஜூன் 24, செவ்வாய்

இன்று நூலகர் எங்கள் கண் முன்னால் ஒரு வெப்சைட் செய்தாள். பத்தே நிமிடம். தலைப்பு, படம், பச்சை நிறத்தில் ஒரு இலை. பார்த்தால் ஏதோ ஆராய்ச்சி நிலையம் மாதிரி இருந்தது. "யார் வேணும்னாலும் செய்யலாம். காசு வேணாம், படிப்பு வேணாம்" என்று சொல்லிவிட்டு அழித்தாள்.

எனக்குக் கை குறுகுறுத்தது.

வகுப்பில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. தினமும் கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு பிழை எழுதுவேன். கண்டுபிடிக்கிறவருக்குப் பரிசு, சாயங்காலம் பலகையைத் துடைக்கும் உரிமை. அதற்காகப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். பிழையைத் தேடித் தேடியே பாடம் படித்துவிடுவார்கள்.

ஊசிக்கும் அப்படி ஒரு பிழை வைத்தால்? நம்புவாள். நம்பிக் கொஞ்ச நாள் கழித்து, "அதை எழுதினதே நான்தான்டி" என்று சொன்னால்? வேர்ப்பொடி மேலும் சந்தேகம் வருமா, வராதா?

வரும். வர வேண்டும். நேற்று நாற்பது டிகிரி வெயில். ஊசி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 25, புதன்

உடம்புக்குக் கெடுதி இல்லாத பொய்யாக இருக்க வேண்டும். அரை நாள் யோசித்தேன். கிடைத்தது.

"தேநீரை வலப்பக்கமாகக் கலக்கினால் அதன் சத்து கோப்பையின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. இடப்பக்கமாகப் பதினேழு முறை கலக்கினால் சத்து நடுவில் திரண்டு நேராக இரத்தத்தில் சேர்கிறது. இதைப் பின்பற்றியவர்களில் 83.4 சதவீதம் பேர் சுறுசுறுப்படைந்தனர்."

எண்பது என்று போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். புள்ளிக்குப் பிறகு ஒரு எண் வந்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

ஒரு டாக்டர் வேண்டுமே? தெருவுக்கெல்லாம் தண்ணீர்க்குழாய், சாக்கடை வேலை பார்க்கிற குழாய்க்காரரைக் கூப்பிட்டேன். என் பள்ளிக்கூட ஆய்வகக் கோட்டை மாட்டி, என் பழைய கண்ணாடியைப் போட்டு, தலையை வழித்து வாரி, புத்தக அலமாரிக்கு முன்னால் நிற்கவைத்தேன். ஆள் அசந்துபோய்விட்டார்.

"எனக்கு எந்த வியாதி டீச்சரம்மா?"

"நீங்க டாக்டர்யா."

"அதான், எந்த வியாதிக்கு டாக்டர்?"

"தேநீருக்கு."

கையில் ஸ்பானர் பிடித்துக்கொள்கிறேன் என்று அடம் பிடித்தார். முடியாது என்றேன். பைக்குள்ளிருந்து வாஷிங் மெஷின் ரப்பர் குழாயை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். தூரத்திலிருந்து பார்த்தால் சத்தியமாக இதயத் துடிப்புக் கேட்கிற கருவிதான்.

பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், என் மனசாட்சிக்காக ஒரு வரி சேர்த்தேன்: "இங்கே உள்ளது எல்லாம் கற்பனை. கண்டுபிடித்தவர் கரும்பலகையைத் துடைக்கலாம்."

ஜூன் 27, வெள்ளி

ஊசிக்கு எப்படி அனுப்புவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அது போய்விட்டது. தண்ணீர் நிற்கும் நாளை அறிவிக்கக் குழாய்க்காரர் தெருவுக்கே போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறார். தன் படம் அழகாக வந்த பெருமையில், அவருக்குக் காட்ட நான் அனுப்பிய பக்கத்தை அதில் போட்டுவிட்டார். நூற்று நாற்பது வீடு. ஒருத்தருக்காவது அவரை அடையாளம் தெரிந்ததா? போன மாதம்தான் எல்லார் வீட்டுச் சாக்கடை அடைப்பையும் எடுத்தார்!

முகத்தை யார் பார்க்கிறார்கள். கோட்டைத்தான் பார்க்கிறார்கள்.

ஜூன் 28, சனி

கலக்குகிறாள்! இடப்பக்கமாக! வாய்விட்டு எண்ணிக்கொண்டு! பதினான்கு, பதினைந்து, பதினாறு, பதினேழு. நான் சிரிப்பை அடக்க முகத்தை அலமாரிக்குள் விட்டுக்கொண்டேன்.

"என்ன அண்ணி தேடறீங்க?"

"சர்க்கரை."

"கையில வெச்சிருக்கீங்களே."

ஜூன் 30, திங்கள்

இப்போது சிரிப்பு வரவில்லை. ஊசி தினமும் மூன்று வேளையும் இடப்பக்கமாகக் கலக்குகிறாள், என்னையும் கலக்கச் சொல்கிறாள். "வலப்பக்கம் கலக்காதீங்க அண்ணி, சத்து ஒட்டிக்கும்." தபால் நிலையத்துக்குப் போனால் அங்கே கவுண்டரில் இருக்கும் அம்மா இடப்பக்கமாகக் கலக்குகிறாள். முடிவெட்டுகிறவர் கலக்குகிறார்.

வேர்ப்பொடியும் நிற்கவில்லை. முகம் ஊதியிருக்கிறது. இன்று மதியம் ரவிக்கைக்கு வெட்ட உட்கார்ந்தவள், கத்தரிக்கோல் விரலில் மாட்டியபடியே தூங்கிவிட்டாள். கத்தரிக்கோலை மெதுவாகக் கழற்றி எடுத்தேன். அவளுக்கு விழிப்பு வரவில்லை. அந்த விரலில் பழைய தழும்பு இன்னும் இருக்கிறது.

பலகையில் "மாத்திரை" என்று மூன்று முறை எழுதினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை அவள். கிண்டல்கூட இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

வகுப்பு முடிந்ததும் நூலகரிடம் ஒப்புக்கொண்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"டீச்சர், வகுப்புல பிழை எழுதினப்ப, 'இன்னைக்கு ஒரு பிழை இருக்கு, கண்டுபிடிங்க'ன்னு முதல்லயே சொல்வீங்க. இதுல யாருக்குச் சொன்னீங்க?"

"அடியில எழுதியிருக்கேனே."

"அடிவரைக்கும் யார் போறா? நீங்களே நோட்டுக் கம்பெனியை நம்பினவங்கதானே?"

பிறகு அவளாகவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்கள் என்றாள். பக்கத்தை அழிக்கும் வழியைக் காட்டினாள். அழித்தேன். "போனது போனதுதான் டீச்சர். யாராவது நகல் எடுத்திருந்தா நம்ம கையில இல்ல."

கரும்பலகையில் எழுதினது சாயங்காலத்துக்குள் போய்விடும். அந்த வசதியை நான் வாழ்க்கை முழுக்க ஒரு வசதி என்றே நினைத்ததில்லை.

ஜூலை 2, புதன்

ஊசியிடம் சொல்ல வேண்டும். இன்று சொல்லவில்லை.

ஜூலை 3, வியாழன்

இன்றும் இல்லை. அவள் பதினேழு எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

ஜூலை 5, சனி

ஐயோ.

வேர்ப்பொடிக்காரர்கள் வேறு என்ன பொய் சொல்கிறார்கள் என்று பார்க்க அந்த வெப்சைட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் யார்? நம் குழாய்க்காரர்! கண்ணாடி, கோட்டு, கழுத்தில் ரப்பர் குழாய். கீழே: "எங்கள் தலைமை மருத்துவர். முப்பது ஆண்டு அனுபவம்." மெத்தை டாக்டர் இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிட்டார். நான் எழுதிய தேநீர்ப் பாடத்தை வரிக்கு வரி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பொடி எழுத்து வரியை மட்டும் வெட்டிவிட்டார்கள். கடைசியில் அவர்கள் கைவண்ணம்: "எங்கள் வேர்ப்பொடியைத் தேநீரில் இட்டு, இடப்பக்கமாகப் பதினேழு முறை கலக்கி அருந்தவும்."

முதலில் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். பிறகு அந்தத் தண்ணீர் நிற்கவில்லை. அவளைப் பொடியிலிருந்து பிரிக்க நான் எழுதியது இப்போது பொடியை விற்கிறது.

நாளைக் காலை. தேநீருக்கு முன்னால். தள்ளிப்போடுவதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

அவள் கலக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது எண்ணும்போது சொன்னேன், "ஊசி, அந்தத் தேநீர் சமாச்சாரம் பொய். எழுதினது நான்."

"பத்து, பதினொண்ணு."

"கேட்குதா உனக்கு?"

"தெரியும் அண்ணி. பன்னெண்டு."

"என்ன தெரியும்?"

"முதல் நாளே தெரியும்." கரண்டியை வைத்தாள். "அந்தக் கோட்டோட மேல்பையை உங்க ஆசிட் பாட்டில் தின்னுடுச்சுன்னு புதுப்பை வெச்சுக் கொடுத்தது யாரு? வெள்ளை நூல் தீர்ந்துபோய் நீல நூல்ல சாய்வுத் தையல் போட்டேனே, 'யார் பார்க்கப் போறா'ன்னு நீங்க சொன்னீங்களே? நான் பார்த்தேன். என் தையலை எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்டி ஒரு வாரமா இடப்பக்கமாக் கலக்கற?"

"உங்க முகத்தைப் பார்க்கத்தான். அலமாரிக்குள்ள தலையை விட்டுட்டு நின்னீங்களே, அன்னைக்கு எனக்கு ராத்திரிவரைக்கும் சிரிப்பு."

மோசக்காரி! ஆனால் சிரித்து முடித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. என் பொய்யை முதல் நாளே பிடித்தவள், பொடியை ஏன் பிடிக்கவில்லை? கேட்கவில்லை. போனை எடுத்து அவள் பக்கம் தள்ளினேன். "நீ நம்பற வெப்சைட்டுதான். பாரு."

பார்த்தாள். படத்தை விரல்களால் இழுத்துப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். குழாய்க்காரரின் முகமெல்லாம் போய், திரை முழுக்க அந்தப் பை மட்டும் நின்றது. நீல நூல், சாய்வுத் தையல், ஒரு முனையில் முடிச்சு.

தேநீர் ஆறிவிட்டது.

"என் தையலைக் காட்டி எனக்கே விக்கிறானா" என்றாள்.

சிவப்பு மையை மூடிவைத்துக்கொண்டேன்.

பிறகு அவளாகவே சொன்னாள். "கடையில துணி எடுக்க வர்றவங்களுக்கு முதல்ல சொல்வேன், முன்பக்கத்தைப் பார்க்காதீங்க, உள்பக்கம் திருப்பிப் பாருங்கன்னு. எல்லாரும் திருப்புவாங்க. ஆனா கலர் மனசுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா ஒருத்தரும் திருப்ப மாட்டாங்க அண்ணி. நாப்பது வருஷம் பார்த்திருக்கேன்." கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "பதினொரு வருஷம். கண்ணைத் திறந்தா அந்தக் குப்பி. 'இனி உனக்கு அது வேணாம்'னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு. ஒருத்தன் சொன்னான்."

"நான் அதைக் கேட்டிருக்கணும். அச்செடுத்த காகிதத்தை நீட்டறதுக்கு முன்னாடி" என்றேன்.

"ஆமா. கேட்டிருக்கணும்" என்றாள். விட்டுக்கொடுக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

இருவரும் டாக்டரிடம் போனோம். நிஜ டாக்டர். ரத்தம் எடுத்தார்கள். "ஏன் மாத்திரையை நிறுத்தினீங்க?" என்று அவர் கேட்டதற்கு ஊசி சொன்னாள்: "எங்க குழாய்க்காரர் சொன்னார் டாக்டர்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தைராய்டு குறைந்தால் ஏறுகிற அந்த எண் ஏணி வைத்து ஏறியிருக்கிறது. இன்னும் இரண்டு மாதம் இப்படியே விட்டிருந்தால் இதயம் வரை போயிருக்கும் என்றார் டாக்டர். மாத்திரை இன்றே ஆரம்பம், ஆறு வாரம் கழித்து மறுபடி பரிசோதனை.

பொடியைப் போலவே ஆறு வாரம். பார்ப்போம், யார் சொன்ன ஆறு வாரம் உண்மை என்று.

ஜூலை 9, புதன்

நூலகர் உதவியோடு வேர்ப்பொடிக்காரர்கள் மேல் புகார் எழுதி அனுப்பினேன். குழாய்க்காரர் தெரு குரூப்பில் ஒரு அறிவிப்புப் போட்டார்: "நான் டாக்டர் இல்லை. தேநீரை எந்தப் பக்கமும் கலக்கலாம். நாளை தண்ணீர் வராது." அதற்குக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: "டாக்டர், மூட்டு வலிக்கு எந்தப் பக்கம்?"

ஜூலை 15, செவ்வாய்

நூலகர் என்னை வகுப்பின் முன்னால் நிறுத்தினாள். "இன்னைக்கு உதாரணம், டீச்சரே" என்றாள். வாழ்நாள் முழுக்க உதாரணம் சொன்னவள், முதல் முறை உதாரணமாக நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். 83.4 சதவீதத்தில் சிரித்தார்கள். ரப்பர் குழாயில் மேசையைத் தட்டினார்கள். வெட்டுப்பட்ட பொடி எழுத்து வரியைச் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசி நாற்காலியில் ஊசி. ஸ்வெட்டரோடுதான், ஆனால் வந்திருந்தாள். கை தூக்கினாள்.

"டீச்சர், இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நூலகர் அந்தக் கதையை இவளிடம் சொல்லியிருக்கிறாள்! இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சாக்பீஸ் வாங்கிவர அனுப்ப வழியில்லை. முப்பத்திரண்டு வருடம் கழித்து நேராகப் பதில் சொன்னேன்: "எனக்குத் தெரியாது. மூணு பேர் என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

ஆகஸ்ட் 2, சனி

இன்று பதினோரு மணிக்கு மெஷின் சத்தம் கேட்டது. ஒரு மணி நேரம் நிற்கவில்லை. வெயில் கொளுத்துகிறது, ஸ்வெட்டர் கொடியில் தொங்குகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆறு வாரம் நேற்றோடு முடிந்தது. பரிசோதனை முடிவு இன்று: எண் ஏணியிலிருந்து இறங்கிவிட்டது. டாக்டர் மாத்திரை அளவைக்கூடக் கொஞ்சம் குறைத்திருக்கிறார். ஊசி கேட்டாளாம், "என்னைக்காவது இதை விட முடியுமா?" என்று. "தெரியலை, வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கலாம்" என்றாராம். "தெரியலைன்னு சொல்ற டாக்டரை இப்பத்தான் அண்ணி எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

காலையில் நடந்ததைத்தான் எழுத நினைத்தேன். வழக்கம்போல "மாத்திரை" என்று எழுதச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். பலகை வெறுமையாக இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, மூலைகூட விடாமல், பளிச்சென்று. பக்கத்தில் ஊசி தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள். இடப்பக்கமாகத்தான். பழகிவிட்டதாம்.

"யார் துடைச்சது?"

"கண்டுபிடிச்சவங்க துடைக்கலாம்னு அடியில எழுதியிருந்தீங்களே. பரிசை இன்னும் தரலையேன்னு நானே எடுத்துக்கிட்டேன்."

எங்கள் தெருவில் நூற்று நாற்பது வீடு. கடைசி வரிவரை போனவள் ஒருத்திதான்.

"மாத்திரை?"

"போட்டு அரை மணி ஆச்சு. இனிமே அங்க வேற ஏதாவது உருப்படியா எழுதுங்க."

என்ன எழுதுவது என்று யோசித்தபடியே நூலகத்துக்குப் போய்விட்டு வந்தேன். இப்போது தோன்றிவிட்டது. நான் இல்லாத நேரத்தில் நீ இந்த நோட்டைப் படிக்கிறாய் என்பது எனக்குத் தெரியும் ஊசி, பக்கங்களில் நூல் துணுக்கு கிடக்கிறது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன், நாளைக்குப் பலகையிலும் இதுதான்:

உனக்கு ரொம்பப் பிடித்துப்போன ஒரு பக்கத்தை இன்று திற, கடைசி வரிவரை இறங்கிப் போ, எழுதியது யார் என்று பார்.